என் மனைவி: நாற்பது உதாரணங்கள்

'சிமிலி சார்' என்ற பெயரை மாணவர்கள்தான் வைத்தார்கள் என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார். உண்மையில் அதை வைத்துக்கொண்டது அவரேதான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஆசிரியர்கள் அறையில், "பசங்க என்னை சிமிலி சார்னு கூப்பிடறாங்களாம், என்ன பண்றது" என்று தானாகவே கிளப்பிவிட்டு, கூச்சப்படுவது போலத் தலையையும் சொறிந்துகொண்டார். பெயர் நின்றுவிட்டது. உவமைக்கு இங்கிலீஷில் சிமிலி என்று அந்தப் பள்ளிக்கூடத்து வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும் என்றால், அது அவர் செய்துகொண்ட விளம்பரத்தின் மகிமை.

பகலில் அவர் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆங்கில ஆசிரியர். இதைத் தவிர, பள்ளியிறுதித் தேர்வைத் தனியாக எழுதும் பெரியவர்களுக்கென்று நடக்கும் சாயங்காலப் பயிற்சி மையம் ஒன்றுக்கும் போவார், வருடத்துக்கு ஒரே ஒரு நாள். கடிதம், கட்டுரை, காலங்கள் என்று எல்லாவற்றையும் கிராமர் மேடம் என்று ஒருவர் மூன்று மாதம் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்திருப்பார். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது சிமிலி சார் வருவார். உவமை, உருவகம், சொல்லைச் சரியான இடத்தில் பயன்படுத்துவது ஆகிய மூன்றையும் இரண்டு மணி நேரத்தில் அலசிவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். உழைப்பு மேடத்துடையது, பேர் சாருடையது. இதில் ஏதாவது அநியாயம் இருக்கிறதா என்று அவர் யோசித்ததே இல்லை. யோசிக்க நேரம் எங்கே, கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்ததே.

கைதட்டலுக்குக் காரணம் அவருடைய தாள். அதில் நாற்பது இங்கிலீஷ் வாக்கியங்கள் இருக்கும். முதல் முப்பத்தைந்தில், ஒவ்வொன்றிலும் என்ன அணி இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கடைசி ஐந்தில், தப்பான சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். நாற்பதும் ஒரே ஆளைப் பற்றியவை. 'மை வைஃப்' என்றுதான் எல்லாமே ஆரம்பிக்கும்.

என் மனைவியின் குரல் ரயில் கூவுவது போல இருக்கும் என்றால் சிமிலி. என் மனைவி ஒரு புயல் என்றால் மெட்டஃபர், அதாவது உருவகம். என் மனைவி நடந்தால் பூமி ஒரு பக்கம் சாயும் என்றால் ஹைப்பர்போலி, தமிழில் சொன்னால் அளவுக்கு மீறிய புளுகு. என் மனைவியின் சமையலைப் பார்த்து அடுப்பு அழுதது என்றால் பெர்சானிஃபிகேஷன், அடுப்புக்கு மனுஷ குணம் கொடுத்துவிட்டோம் இல்லையா. இப்படியே நாற்பது. பதினேழு வருடமாக அதே தாள். வருடா வருடம் அதே இடத்தில் அதே சிரிப்பு.

இதில் கூத்து என்னவென்றால், நாற்பதில் ஒன்றுகூட நிஜமில்லை. அவருடைய மனைவி ஒடிசலான பெண்மணி. பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்காது. சமையலைப் பற்றி சிமிலி சார் வாயைத் திறந்து எதுவும் சொன்னதில்லை என்றாலும், இரண்டாவது தடவை தட்டை நீட்டாத நாள் கிடையாது. பிறகு ஏன் அப்படி எழுதினார்? மனைவி என்று ஆரம்பித்தாலே ஆட்கள் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். மாமியாரை வைத்தும் எழுதியிருக்கலாம். ஆனால் மாமியார் தினமும் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவர். மனைவிக்கு இங்கிலீஷ் வராது.

அந்த சாயங்காலம் அவர் தாள் கட்டோடு மையத்துக்குள் நுழைந்தபோது கிராமர் மேடம் வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டார்.

"சார், ரெண்டாவது பெஞ்சு, ஜன்னலோரம் ஒரு பொண்ணு இருக்கும். நல்லா வரும் சார், ஆனா வாயே திறக்காது. மத்த பாடமெல்லாம் எப்பவோ பாஸ். இங்கிலீஷ் மட்டும் ரெண்டு தடவை போச்சாம். இந்தத் தடவை பாஸ் பண்ணிட்டா தையல் ஃபேக்டரில சூப்பர்வைசர் ஆக்கறேன்னு சொல்லியிருக்காங்களாம். இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்களாம். கொஞ்சம் கவனிச்சுக்கோங்க."

"கவலையை விடுங்க மேடம், நான் பார்த்துக்கறேன்" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். முப்பது பேர் எழுந்து நின்று "குட் ஈவினிங் சார்" என்றார்கள். முன் பெஞ்சுக்காரரிடம் கட்டைக் கொடுத்து எல்லாருக்கும் தாள் போகச் சொல்லிவிட்டு நிமிர்ந்தார். இரண்டாவது பெஞ்சில், ஜன்னலோரத்தில், அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

அவளேதான். சட்டைகளில் தையல் விட்டுப்போன இடத்தைத் தேடி சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும் செக்கிங் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் கண்ணாடி மூக்கில் இருந்தது. காலையில் அவர் கண்ணெதிரே தோளில் மாட்டிக்கொண்டு போன கைப்பை பெஞ்சின் மேல் இருந்தது. செவ்வாயும் வியாழனும் ஓவர்டைம் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு நாளும் சாதத்தைத் தானே சூடு பண்ணிச் சாப்பிட வேண்டியிருக்கிறது என்று ஆசிரியர்கள் அறையில் இவர் புலம்பாத வாரம் இல்லை.

முப்பது பேரோடு அவளும் உட்கார்ந்தாள். இவருக்குத்தான் உட்காரத் தோன்றவில்லை.

எல்லார் முன்னாலும் மானம் போகப்போகிறதே என்பதுதான் அவருக்கு முதலில் வந்த யோசனை. இந்தத் தாளைப் படித்தால் அவள் எழுந்து போய்விடுவாள், பத்து நாளில் தேர்வு, பிறகு இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டாள், சூப்பர்வைசர் வேலையும் போய்விடும் என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. இரண்டுக்கும் நடுவில் ரொம்ப நேரம் ஆகவில்லை என்பது உண்மை. ஆனாலும் எது முதலில் வந்தது என்பதைச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

"ஒரு நிமிஷம்" என்றார் கையை உயர்த்தி. "தாள்ல சில பிழைகள் இருக்கு. எல்லாரும் அப்படியே திருப்பிக் குடுத்துடுங்க. நாம வாய்மொழியாவே பார்த்துக்கலாம்."

முதல் பெஞ்சில் இருந்தவர் ஒரு பேக்கரிக்காரர். ஐம்பது வயதில் பரீட்சை எழுத வந்திருப்பவர், அதனால் யாருக்கும் பயப்படாதவர்.

"பரவாயில்ல சார், இது இருந்தா என்ன போனா என்ன. போன வருஷ செட்டுகிட்ட இருந்து வாங்கி நாங்க ஜெராக்ஸ் எடுத்துட்டோம். ஒரு மாசமா இதைத்தான் மனப்பாடம் பண்றோம்."

அவர் தன்னுடைய பழைய பிரதியை எடுத்துக் காட்டினார். வகுப்பே எடுத்துக் காட்டியது. மனைவியும் கைப்பையிலிருந்து எடுத்தாள். நாலாக மடித்து மடித்து மடிப்பு வெளுத்துப்போன தாள். நாற்பது வாக்கியத்துக்கும் பக்கத்தில் பென்சிலில் விடை எழுதியிருந்தது.

ஒரு மாதம். ஒரு மாதமாக இவள் இதை வைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஒரு மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று அவசரமாக யோசித்துப் பார்த்தார். இருமலுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். ஒருநாள் மட்டும், அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, "என் குரல் ரொம்பச் சத்தமாவா இருக்கு?" என்று கேட்டாள். இவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்ன சொன்ன? காதுல விழல" என்று பதில் சொன்னார்.

வேறு வழியில்லை, பாடத்தை ஆரம்பித்தார். வாய் பழக்கத்தில் முதல் வரியைத் தானாகச் சொல்லிவிட்டது. "இன்னைக்கு ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச். ஃபிகர்னதும் யாரும் ஜன்னல் பக்கம் பார்க்கக்கூடாது." பதினேழு வருடமாக இந்த இடத்தில் ஒரு சிரிப்பு உண்டு. இந்த வருடமும் வந்தது. முப்பது தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் இவரைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவருக்கு அந்த அற்புதமான யோசனை வந்தது. 'மை வைஃப்' என்று வரும் இடத்தில் எல்லாம் 'மை நெய்பர்', அதாவது என் பக்கத்து வீட்டுக்காரி, என்று மாற்றி வாசித்துவிட்டால் என்ன? முழுவதையும் ஒரு தடவை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கலாம். ஓட்டவில்லை. இப்படி ஓட்டிப் பார்க்கிற ஆளாக இருந்திருந்தால் அவர் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும்.

"ஒரு சின்னத் திருத்தம். வைஃப்னு இருக்கிற இடத்துல எல்லாம் நெய்பர்னு மாத்திக்கோங்க."

எல்லாரும் பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் குரல் ரயில் போல இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி புயலாக வீசினாள். பக்கத்து வீட்டுக்காரி நடந்து பூமி சாய்ந்தது. பேக்கரிக்காரர் எழுந்து, "ஹைப்பர் பவுல், சார்" என்றார். வகுப்பு சிரித்தது. "ஹைப்பர்போலி. பரவாயில்ல, எழுத்தைப் பார்த்தா அப்படித்தான் தோணும்" என்று சார் பெருந்தன்மையாகத் திருத்தினார். நினைத்ததைவிட நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அந்தத் தெம்பில் அடுத்த வாக்கியத்தைக் கணீரென்று வாசித்தார்.

"என் பக்கத்து வீட்டுக்காரியோட குறட்டைதான் ஒவ்வொரு ராத்திரியும் எனக்குத் தாலாட்டு."

பேக்கரிக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"சார், இது வீட்டுக்குத் தெரியுமா?"

அதற்குப் பிறகு வகுப்பை அடக்க ஐந்து நிமிடம் ஆனது. கடைசி பெஞ்சில் ஒருவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. சிமிலி சார் அந்த அமளியில் ஜன்னல் பக்கம் பார்த்தார். மனைவி கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையை அடக்குகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பத்தைந்து வாக்கியத்தில் ஒளிந்திருக்கும் அணியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவருக்கு, பதினெட்டு வருடமாகப் பார்த்த ஒரு முகத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

பழையபடி வைஃபையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓட்டமாக ஓடினார். இருபது, முப்பது, முப்பத்தைந்து. அவள் எழுந்து போகவில்லை. இதற்கே நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது முப்பத்தாறு வந்தது. தப்பான சொற்கள் பகுதி. 'என் மனைவி ஐஸ்லேண்டுக்குப் போய் தேங்காய் பறித்தாள்' என்பது வாக்கியம். ஐலேண்ட், தீவு என்று இருக்கவேண்டிய சொல்லை மனைவி ஐஸ்லேண்ட் என்று படித்துவிட்டாளாம், பனி நாட்டில் தேங்காய் பறிக்கிறாளாம். தாளிலேயே பெரிய சிரிப்பு இதற்குத்தான்.

"ஐஸ்லேண்டாம்!" என்று பேக்கரிக்காரர் தொடையைத் தட்டினார். "சார், இது நெஜமா நடந்ததா, நீங்களா விட்டதா?"

நாற்பதில் ஒன்றுகூட நிஜமில்லை என்று மேலே சொன்னது தப்பு. இது நிஜம். கல்யாணமான முதல் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் புது நோட்டு ஒன்றும் பழைய பாடப்புத்தகமும் எடுத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். "இங்கிலீஷ் மட்டும் போயிடுச்சு. நீங்க சொல்லிக் குடுத்தா எழுதிடுவேன்" என்றாள். எங்கே, படி பார்க்கலாம் என்றார். இரண்டாவது வரியில் ஐஸ்லேண்ட் வந்தது. அவர் நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். "உனக்கு எதுக்கு இந்த வம்பெல்லாம், விடு" என்றார். திங்கட்கிழமை அதை ஆசிரியர்கள் அறையில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ருசித்துப்போய்தான் தாளே பிறந்தது.

இவரும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று வருடம் ஹைப்பர் பவுல் என்றுதான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, சத்தமில்லாமல் திருத்தி அனுப்பினார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அதைத் தாளில் அச்சடிக்கவில்லை. இப்போது அதை நினைத்ததும் சிமிலி சாருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வெட்கம் என்று சொல்லலாம்தான், ஆனால் வெட்கத்தை ஆசிரியர்கள் அறையில் அவர் எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறார். இது அதுவல்ல.

"தாளைக் கவிழ்த்து வைங்க" என்றார். "போதும். இப்போ எல்லாரும் ஒரு வேலை செய்யலாம். ஃபிகர் இல்லாத வாக்கியம் எதுன்னு தெரிஞ்சாதான் ஃபிகர் எதுன்னு தெரியும். அலங்காரம் எதுவும் இல்லாம, உள்ளதை உள்ளபடி ரெண்டே வாக்கியம். யார் போர்டுல எழுதறீங்க?"

பேக்கரிக்காரர் முதலில் போய், தன் கடை ரொட்டி பஞ்சு என்று எழுதினார். அது உருவகம் என்று வகுப்பே கத்தியது. "இல்லப்பா, நெஜமாவே பஞ்சுதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அடுத்து யார் என்று சார் கேட்பதற்குள் ஜன்னலோரத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"வாங்க" என்றார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவளிடம் முதல் தடவையாக மரியாதை கொடுத்துப் பேசினார்.

அவள் போய் சாக்பீஸை எடுத்தாள். அவளுடைய இங்கிலீஷ் கையெழுத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. எழுத்துகள் தையல் போட்டது போல ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வந்தன. இரண்டு வாக்கியம் எழுதிவிட்டு, சாக்பீஸை வைத்துவிட்டு, தன் இடத்துக்குப் போய் நின்றாள்.

'மை ஹஸ்பெண்ட் இஸ் அன் இங்கிலீஷ் டீச்சர். ஹி டிட் நாட் டாட் மீ.'

என் கணவர் ஆங்கில ஆசிரியர். அவர் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வகுப்பு இரண்டு தடவை படித்துப் பார்த்தது. பேக்கரிக்காரருக்குத்தான் முதலில் புரிந்தது, பாதி.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் வாத்தியாரா? சொல்லவே இல்ல! யாரும்மா அந்த ஆளு, ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டுப் பொண்டாட்டியை விட்டுட்டாரு? ரொம்பப் பெரிய ஆள்போல" என்றார். பிறகு சார் பக்கம் திரும்பினார். "சார், ஃபிகர் ஒண்ணும் இல்ல. ஆனா ஏதோ இடிக்குதே. ரெண்டாவது வாக்கியம் கரெக்டா?"

கரெக்ட் இல்லை. டிட் நாட் வந்த பிறகு, டீச்சின் இறந்தகாலச் சொல்லான டாட் வரக்கூடாது, டீச் என்றுதான் வரவேண்டும். அவருடைய பள்ளிக்கூடத்தில் பத்து வயதுப் பையன்கூடக் கண்டுபிடித்துவிடும் பிழை. விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். விட்டால் பத்து நாள் கழித்து இதே பிழையைத் தேர்வில் எழுதுவாள், இதற்கே மார்க் போகும். திருத்தினால், அந்த வாக்கியத்தை அவரே முழுமையாக்கிக் கொடுத்ததாகிவிடும்.

போர்டுக்குப் போனார். 'டாட்' என்பதைக் கையால் அழித்தார். ஊரே மெச்சும் தன் கையெழுத்தில் 'டீச்' என்று எழுதினார். ஹி டிட் நாட் டீச் மீ. இப்போது அந்த வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை.

சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு வகுப்பைப் பார்த்தார். "அந்த ஹஸ்பெண்ட் நான்தான்" என்றார். "தாள்ல இருக்கிற வைஃப் இவங்கதான். இருக்கிறது எல்லாம் பொய். ஐஸ்லேண்ட் மட்டும் நெஜம். அதுக்கு நான் சிரிச்சேன். சிரிச்சது தப்பு. சொல்லிக் குடுக்காம விட்டது அதைவிடத் தப்பு."

பேக்கரிக்காரர் இவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு மாதமாக மனப்பாடம் செய்ததெல்லாம் தலைக்குள் சுற்றியிருக்க வேண்டும்.

"இது என்ன ஃபிகர் சார்? ஐரனியா?" என்றார். அதாவது, ஒன்றைச் சொல்லி அதற்கு நேர்மாறானதை உணர்த்துகிற வகையா என்று.

"இல்லண்ணா" என்றாள் அவள். மூன்று மாதத்தில் வகுப்பு அவள் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசி பெஞ்சுவரை கேட்டது. "இதுல ஃபிகர் எதுவும் இல்ல."

பிறகு சார் பக்கம் திரும்பினாள். அவள் கிளம்பப்போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். கிளம்பினால் தடுக்க அவருக்கு வாய் இல்லை. அவள் நோட்டைத் திறந்து, அவர் திருத்தியதைப் பார்த்து எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டுக் கையை உயர்த்தினாள்.

"ஒரு டவுட், சார். முடிஞ்சு போன விஷயம்தானே? அப்போ டாட்தானே வரணும்? ஏன் டீச்?"

இந்தக் கேள்விக்கு அவர் வாழ்நாளில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். இன்றைக்கு வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுக்கவேண்டியிருந்தது. நகைச்சுவை ஒன்றும் அகப்படவில்லை, தேடவும் இல்லை.

"டிட்டுன்னு சொன்னாலே அது முடிஞ்சு போனதுன்னு ஆயிடும். அதுக்கப்புறம் வர்ற சொல்லுலயும் மறுபடி அதையே காட்ட வேண்டியதில்ல. நடந்து முடிஞ்சதை, ஒரு வாக்கியத்துல ஒரு தடவை சொன்னாப் போதும்."

அவள் போர்டையும் அவரையும் பார்த்தாள்.

"ஒரு தடவை சொன்னாப் போதுமா, சார்?"

"போதும்."

"அப்போ நான் சொல்லிட்டேன்" என்று உட்கார்ந்தாள். நோட்டில் பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, அடுத்ததைச் சொல்லச்சொல்லி அவரைப் பார்த்தாள்.